குழாயில் வந்த மழை

அப்புக்குட்டா,

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நீ எந்த ஊரில் இருந்தாலும் போனில் பேசுவாய். பேச நேரமில்லாத நாளில் குரலைப் பதிந்து அனுப்புவாய். நானும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேனா பிடித்தால் எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆனாலும் எழுதுகிறேன், நாலு பேர் படிக்கட்டும் என்றேதான் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருஷமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி எனக்கு நிறையச் சொன்னார்கள். நீ நல்ல பையன், கெட்டிக்காரன், எல்லாருக்கும் உதவி செய்வாய் என்று சொன்னார்கள். அது எனக்குத் தெரியாதா? நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது உன் குரலையும் கேட்டு வந்தார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று நானும் உன் அப்பாவும் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தோம். அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஓணம் கழிந்து ஒரு மத்தியானம், கழக்கூட்டத்தில் இருக்கிற உன் கம்பெனி ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். வித்யா என்று பெயர். கரமனை அக்ரகாரத்துப் பெண். எனக்கு மலையாளம் வராது என்று யாரோ சொல்லி, தமிழ் பேசுகிற பிள்ளையாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். முப்பது வருஷமாக இந்த ஊரில் மீன்காரியோடும் ஆட்டோக்காரனோடும் என்ன பாஷையில் சண்டை போடுகிறேன் என்று நினைத்தார்களோ. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். செருப்பைக் கழற்றி வெளியே வைத்து, உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் உட்கார்ந்தது.

"ஆன்ட்டி, நம்ம ஊர்லயே இப்ப உலகக் கண்காட்சி வரப்போறது. வெளிநாட்டுக்காரா எல்லாம் வருவா. அங்க பாலைவனத்துல வச்சிருந்த மழை மண்டபத்தை அதே மாதிரி இங்கயும் வைக்கறோம். உள்ள நுழையறச்சே அப்பு சேட்டனோட குரல் கேக்கணும். அவரோட அங்க வேலை பார்த்த ஷிபு சொன்னார், கடைசியா ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாராமே, 'அம்மா, இது நம்ம மழை'ன்னு. அதைத் தந்தேள்னா கேக்கறவா எல்லாரும் கரைஞ்சு போயிடுவா, கேட்டோ."

"ஆளுகள கரைக்கதுக்கா என் பிள்ள குரலு?" என்றேன்.

"அய்யோ, அப்படி அல்ல ஆன்ட்டி. அவருக்கு ஒரு மரியாதை. மண்டபத்துக்கே அவர் பேரை வைக்கலாம்னு சார் ஆலோசிக்கறார்."

உன் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல காரியம்லா. குடுப்போம் மோளே. அவன் பேரு நாலு தேசத்துக்காரன் கண்ணுல படட்டும்" என்றார். நான் எழுந்து அடுக்களைக்குள் போனேன். காப்பி போடத்தான் போனேன் என்று அந்தப் பெண் நினைத்திருக்கும். சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. உன் அப்பாவுக்குத் தெரிந்த தொழிலே அதுதானே, கண்ணில் படும்படி வைப்பது. கல்யாணம் முடிந்து நாகர்கோவிலிலிருந்து என்னைக் கூட்டிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், சாலைக் கடைத்தெருவில் அந்தத் திருநெல்வேலிக்காரர் துணிக்கடை வாசலில் தினமும் காலையில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிடுவார், பொழுது சாய்ந்ததும் எடுத்து உள்ளே வைப்பார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எந்த முந்தானை ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அப்படித் தொங்குகிற சேலையை யாரும் வாங்க மாட்டார்கள். அதைக் காட்டி, "இதே மாதிரி உள்ளருந்து எடுங்க" என்பார்கள். கொஞ்ச நாள் வெயில் பட்டதும் மடிப்பு நெடுக ஒரு கோடு வெளுத்துப் போகும். அந்தச் சேலைகள்தான் நம் வீட்டுக்கு வரும். என் பெட்டியில் இருந்த சேலை அத்தனையும் அப்படித்தான், எல்லாவற்றிலும் அந்த வெள்ளைக் கோடு. நான் முந்தானையை மாற்றி மாற்றிச் சொருகி மறைப்பேன். நீ ஐ.டி.ஐ முடித்து முதல் சம்பளத்தில் ஒரு பச்சைச் சேலை கொண்டுவந்து மடியில் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "விரிச்சுப் பாரும்மா. இது தொங்கினது இல்ல. உள்ளருந்து எடுத்தது" என்றாய். உன் அப்பாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உனக்கு இந்தக் கண்காட்சிப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது புத்தரிக்கண்டம் மைதானத்தில் ஒரு பொருட்காட்சி வந்தது. வாசலில் அரண்மனை மாதிரி வைத்திருந்தார்கள். மிளகாய் பஜ்ஜி வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணோம். நான் போட்ட கூப்பாட்டில் ராட்டினமே நின்றுபோயிற்று. கடைசியில் அந்த அரண்மனைக்குப் பின்னாலிருந்து வருகிறாய், கால் எல்லாம் சேறு. முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவே இல்லை. "அம்மா, பின்னால ஒண்ணுமே இல்ல. வெறும் கம்பு. ஒரு மாமா கம்புமேல ஒறங்குகாரு" என்றாய். மற்றப் பிள்ளைகள் முன்பக்கத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும். நீ பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் தீப்பெட்டியை அடுக்கி, குச்சியை முட்டுக்கொடுத்து நிறுத்துவாய். அந்தக் கம்பின்மேல் உறங்கின மாமாவாகத்தான் நீயும் ஆனாய். ஸ்டால் அடிக்கிற கம்பெனி, ஊர் ஊராக, அப்புறம் தேசம் தேசமாக.

உனக்கும் எனக்கும் இதில் எப்போதும் சண்டைதான். அந்தப் பாலைவன ஊரில் மழை மண்டபம் கட்டப் போயிருக்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு விளங்கவே இல்லை. இரும்புச் சட்டம் நிறுத்தி, மேலே நம் ஊர் ஓடு வேய்ந்து, அதற்கும் மேலே குழாய் ஓட்டி, தண்ணீரைத் தெளித்துவிடுவது. அது ஓட்டிலிருந்து தாரை தாரையாக விழும். கீழே வாய்க்காலில் ஓடி மறுபடி மேலே ஏறும். கேரளத்து மழை என்று பலகை. அதைப் பார்க்க உலகத்து ஜனம் வரிசையில் நிற்கும்.

"இங்க சாலைல தண்ணி கேறி கடைக்குள்ள வந்தாச்சு. உங்கப்பா பனியன கழத்தி முறுக்கிப் பிழியுகாரு. வேணும்னா சொல்லு, ஒரு கப்பல்ல ஏத்தி விடுகேன். எதுக்குல குழாய் போட்டு மெனக்கெடுக?" என்று கேட்டேன். நீ அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது.

இன்னொரு நாள் நிஜமாகவே கேட்டேன். ஒரு காலத்தில் சரி. மின்சார விளக்கு எப்படி இருக்கும், ரயில் எப்படி இருக்கும் என்று தெரியாத ஜனத்துக்கு ஒரு இடத்தில் கொண்டுவந்து வைத்துக் காட்டினார்கள், அதில் ஒரு அர்த்தம் இருந்தது. இப்போது தெருவில் கீரை விற்கிறவள் கையிலும் போன் இருக்கிறது. எந்தத் தேசத்தையும் தடவிப் பார்த்துவிடுகிறாள். பிறகு எதற்காகக் கோடிக்கணக்கில் கொட்டி ஒரு ஊரைக் கட்டி, ஆறு மாதத்தில் பிரித்துப் போட வேண்டும்? நீ, "போன்ல பாத்தா நனைய முடியுமாம்மா?" என்றாய். அப்புறம் நம் பக்கத்து ஆற்றிங்கல்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னாய். அங்கே ஏதோ கிடங்கில் காவல் வேலை, மழைக்காலத்தில் ஊருக்கு வந்தே எத்தனையோ வருஷமாம். உன் மண்டபத்துக்கு வந்து, ஓட்டுத் தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாராம். மண்டபத்துக் காவல்காரன் பிடித்து இழுக்கப் போனபோது நீ, நிற்கட்டும் விடு என்று தடுத்தாயாம். "அவருக்காவது இது வேணும்லாம்மா" என்றாய். "அவர ஒரு மாசம் ஊருக்கு அனுப்பி வச்சா மழை சும்மா கெடைக்குமே" என்றேன். "நீ எதுக்கும் ஒரு பதில் வச்சிருப்ப" என்று போனை வைத்துவிட்டாய். வைத்த பிறகு நான் யோசித்தேன். நீ சொன்னதும் பொய்யில்லை. ஒரு மனுஷன் நனைந்தான். போன் யாரையும் நனைக்காது. அன்றைக்கு உன்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம்.

கட்டினவர்களில் முக்கால்வாசிப் பேரின் அடையாள அட்டையைத் திறப்புவிழாவுக்கு முந்தின நாளே வாங்கிக்கொண்டார்கள் என்று நீதான் சொன்னாய். கட்டி முடித்ததை விளக்குப் போட்டு அவர்கள் பார்க்கவே இல்லை. நீ குழாயையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் உன்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதமும் மழையைத் திறக்கிறவனும் நிறுத்துகிறவனும் நீதான்.

கடைசியாக நீ அனுப்பின குரல் இதுதான். எனக்கு மனப்பாடம். முதலில் மழைச் சத்தம். அப்புறம் நீ. "அம்மா, கேக்குதா? இது நம்ம மழை. நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்கு இத நிறுத்திட்டுதான் பிரிக்கணும். பிரிச்சு முடிச்சதும் வீட்டுக்கு வந்திருவேன். புளிசேரி வை." அவ்வளவுதான். மறுநாள் அந்த ஓட்டுக்கூரையிலிருந்து நீ விழுந்தாய்.

எப்படி விழுந்தான் என்று கேட்டேன். வழுக்கி விழுந்தார் என்றார்கள். பாலைவனத்தில், மழையே இல்லாத ஊரில், கூரை எப்படி வழுக்கும்? ஓடு ஈரமாக இருந்ததா? மழையை நிறுத்தி, காயவிட்டு, அப்புறம் ஏற்றினார்களா? இல்லை, நிறுத்தாமலே ஏறச் சொன்னார்களா? உன்னைக் கொண்டுவந்த அன்று கூடவே வந்த ஷிபுவை, அவன் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, பக்கத்தில் உட்கார்த்திக் கேட்டேன். "அம்மே, ஞான் அடுத்த மண்டபத்தில இருந்தேன். கடைசியா போட்டோ எடுக்கணும்னு பெரிய ஆளுகள் சிலபேர் வந்தாங்க. அவங்களுக்கு வேண்டி மழையை விட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன், இல்ல, காலையிலயே நிறுத்தியாச்சுன்னு சொன்னான். ஞான் கண்ணால காணல, அம்மே" என்றான். பொய் சொல்கிற பையன் இல்லை அவன். அதற்குமேல் அவனை வதைக்க எனக்கு மனசு வரவில்லை. கம்பெனியில் கேட்டால் விபத்து என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு குரலில் சொன்னார்கள்.

உன்னை இறக்கின அந்த விமான நிலையம் உனக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை பத்மநாபசாமி ஆராட்டுக்குப் போகிற வழி அது. சாமி சங்குமுகம் கடலுக்குக் குளிக்கப் போகிற அந்தச் சாயங்காலம், விமானம் ஓடுகிற பாதையின் குறுக்கே ஊர்வலம் போகும். அது கடந்து திரும்புகிறவரை ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. சின்ன வயசில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போயிருக்கிறேன். நம் ஊர்த் திருவிழாவில் பெரிய கூட்டம் முடிகிற நாளில்தான். கொடியேற்றத்துக்கு வராதவன்கூட ஆராட்டுக்கு வந்துவிடுவான். முடிப்பதை இத்தனை பேர் பார்க்க, மேளத்தோடு, தெருவெல்லாம் நடந்து முடிக்கிறார்கள். இந்த உலகக் கண்காட்சிகளுக்குத் திறப்புவிழா மட்டும்தான் உண்டு. விளக்கேற்ற மந்திரிமார் வருவார்கள். பிரிக்கும்போது யார் இருக்கிறார்கள்? வாசலை அடைத்துவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாயிற்று என்று விரட்டி விரட்டிப் பிரிக்கிறார்கள். சாமி கடலுக்குப் போக விமானத்தை நிறுத்துகிற ஊர் இது. என் பிள்ளை கூரை ஏற ஒரு குழாயை நிறுத்தினார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வித்யா வந்தது. அது போன பிறகு உன் அப்பா, "ஏட்டி, ஒனக்கு மட்டுமா பிள்ள? ஒரு போன்குள்ள அடச்சு வச்சு நீ மட்டும் கேட்டுக்கிட்டு இருக்க. லோகம் கேட்டா என்ன கொறஞ்சா போகும்?" என்று கத்தினார். நானும் விடவில்லை. "நீங்க கயித்துல தொங்கவிட்டது அம்புட்டும் வெளுத்துதான வீட்டுக்கு வந்துது" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த மனுஷன் அதற்கப்புறம் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

கடைசியில் வித்யாவுக்கு நானே போன் பண்ணினேன். "மோளே, குரல தாறேன். ஒரே ஒரு காரியம். அண்ணைக்கு அவன் ஏறும்போது மழைய நிறுத்தியிருந்தாங்களா, இல்லையா? ஒங்க சாருகிட்ட கேட்டு சொல்லு. நிறுத்தியிருந்தாங்கன்னாலும் சொல்லு, இல்லன்னாலும் சொல்லு. எதச் சொன்னாலும் குரலு தாறேன்." உண்மையாகத்தான் சொன்னேன், அப்பு மக்களே. எந்தப் பதில் வந்தாலும் கொடுத்திருப்பேன். வழக்குப் போடுவேன் என்று பயந்தார்களோ என்னவோ. அந்தப் பிள்ளை கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கே வந்தது. உட்காரவில்லை.

"ஆன்ட்டி, அது டெக்னிக்கல் விஷயம்னு சொல்லிட்டா. அங்கத்த ஆபீஸ்தான் சொல்லணுமாம். எனக்கு... நான் கேட்டேன், ஆன்ட்டி. சத்யமாக் கேட்டேன்" என்று சொல்லும்போதே அதன் கண் நிறைந்துவிட்டது. "நீ கேட்ட. எனக்குத் தெரியும். போய்ட்டு வா, மோளே" என்றேன்.

அப்படி உன் குரல் இல்லாமலே மண்டபம் திறந்தார்கள். நான் போகவில்லை. உன் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் கடையிலிருந்து அப்படியே போயிருக்கிறார். திரும்பி வரும்போது தலையிலிருந்து கால்வரை ஈரம். வெளியே சொட்டு மழை இல்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நடுவீட்டில் நின்றுகொண்டு வலது கையை விரித்து, விரலை விரலோடு தேய்த்துக் காட்டினார். "எட்டித் தொட்டுப் பாத்தேன். ஓடு வழுக்குகு. பாசி பிடிச்ச மாதிரி வழுக்குகு. ரெண்டு நாளு காஞ்சாலும் ஏற முடியாதுட்டி அதுல" என்றார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டிவிட்டேன். அன்றைக்குப் பிறகு உன் குரலைக் கொடுக்கலாம் என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை எடுத்து நடுவில் வைத்து, இரண்டு பேருமாக உன்னைக் கேட்டோம்.

கண்காட்சி எல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நீ பிடித்துச் செய்த வேலை. அந்த ஆற்றிங்கல்காரரைப் போல யாரோ ஒருவருக்கு அது தேவையாகவும் இருக்கும். ஆனால் தேசம் தன்னைக் காட்டுகிறேன் என்று உலகத்தையே கூப்பிடுகிறபோது, முன்பக்கத்தை மட்டும் காட்டுவதற்கு இனிமேல் என்ன அவசியம்? அழகான படம் எல்லார் பையிலும் கிடக்கிறது. நீ சின்னப் பிள்ளையில் பார்த்த பின்பக்கத்தைக் காட்டட்டும். கம்பு நட்டவனை, ஓடு ஏறினவனைக் காட்டட்டும். பிரிக்கிற நாளில் வாசலைத் திறந்து வைத்து, ஆராட்டுக்குக் கூப்பிடுவதுபோல ஜனங்களைக் கூப்பிடட்டும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஈரக் கூரையில் ஒரு பையனை ஏற்ற யாருக்கும் தைரியம் வராது. இதை வித்யாவிடம் சொன்னேன். "பிரிக்கறச்சே பப்ளிக்கை உள்ள விட மாட்டா, ஆன்ட்டி. அவாளுக்கு ஆபத்தாயிடும்னு" என்றது. சொல்லிவிட்டு அதுவே வாயைப் பொத்திக்கொண்டது.

இதைப் படிக்கிற பிள்ளைகள் யாராவது அந்த வேலையில் இருந்தால், ஒரு தாயாகச் சொல்கிறேன். நனைந்த இடத்தில் ஏறு என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். வேலை போனால் போகட்டும். வீட்டில் புளிசேரி ஆறிப்போய்க் காத்திருக்கும்.

நாளைக்கு இங்கேயும் கண்காட்சி முடிகிறது. நாளை மறுநாள் மழை மண்டபத்தைப் பிரிக்கிறார்கள். நானும் உன் அப்பாவும் போகிறோம். உள்ளே விட மாட்டார்கள், வெளியே ரோட்டில் நிற்போம். கூரை உச்சி அங்கிருந்தே தெரியுமாம், உன் அப்பா பார்த்து வைத்திருக்கிறார். யாராவது பையன் ஏறினால், தண்ணீர் நின்றதா, ஓடு காய்ந்ததா என்று ரோட்டில் நின்றே கத்திக் கேட்பேன். பைத்தியக்காரி என்று சொன்னால் சொல்லட்டும். அந்தப் பச்சைச் சேலையைத்தான் உடுத்திக்கொண்டு போகப்போகிறேன், நீ உள்ளேயிருந்து எடுத்துவந்தது. அதில் இன்னும் கோடு விழவில்லை.

அந்தப் பாலைவன ஊரில் உனக்காக அப்படிக் கத்த யாரும் இல்லை. மழையைத் திறக்கிறவனும் நிறுத்துகிறவனும் நீயாகத்தான் இருந்தாய். எனக்கு ஒன்று மட்டும் சொல்லு, மக்களே. அன்றைக்கு நீ ஏறும்போது அந்த மழையை நிறுத்த உன்னை விட்டார்களா?